பாஸின் பெயர் தெரியும், நமது பெயர்?

வெள்ளவத்தையில் மாடி கட்டும் வீட்டுக்காரரிடம் யார் வடிவமைத்தது என்று கேட்டுப் பாருங்கள்; பாஸின் (தலைமை மேசனின்) பெயர் வரும், கட்டடக் கலைஞரின் பெயர் வரும், கட்டமைப்புப் பொறியியலாளர்களான நமது பெயர் வராது. இதை மாற்ற முதலில் கடதாசி வேலை: 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவையில் பதிவு, அப்புறம் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் பட்டயப் பொறியியலாளர் தகுதி.

அடுத்ததுதான் பெரிய வேலை. கொங்கிறீட் போடுவதற்கு முதல்நாள் நீங்களே சைட்டுக்குப் போய், கம்பியின் விட்டம், இடைவெளி, கவர் (கம்பியை மூடும் கொங்கிறீட்டின் தடிப்பு) மூன்றையும் அளந்து, பிழையிருந்தால் படம் எடுத்து அன்றே எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னதை ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. 28ஆம் நாள் கியூப் டெஸ்ட் (கொங்கிறீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் சோதனை) முடிவை வீட்டுக்காரருக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள். பார்க்காத சைட்டுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள், மாமா கேட்டாலும் சரி (என் மாமா கேட்டார், மூன்று மாதம் பேசவில்லை).

பிள்ளைகளைக் கொழும்புக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போனால், 1965இல் எழுந்த அந்தத் தாமரை வடிவக் கட்டடம் ஏ.என்.எஸ். குலசிங்க என்ற பொறியியலாளரின் வடிவமைப்பு என்று சொல்லுங்கள். என் மகள் அன்றைக்குத்தான் என் வேலை என்னவென்று கேட்டாள்.