பரிசுத்தமா வாழணும்னா ஆமோஸ்ல இருந்து ஆரம்பிங்க

பாவம்னு சொன்னதும் நமக்கு குடி, பொய், கெட்ட எண்ணம்னு ஒரு லிஸ்ட்தான் மனசுல ஓடும். எபிரெய தீர்க்கதரிசிகள் விக்கிரக ஆராதனையை எவ்வளவு கோவமா திட்டுறாங்களோ அதே கோவத்தோட தராசையும் கூலி பாக்கியையும் அடகு வாங்கின துணியையும் பத்தி பேசுறாங்க, அதை நாம வேகமா தாண்டிப் போயிடுறோம். அதனால பைபிள்ல அந்த தீர்க்கதரிசிகள்ல ஒருத்தரான ஆமோஸோட புத்தகத்தை எடுங்க, 9 அதிகாரம்தான், ஒரே மூச்சுல படிச்சிடலாம்.

படிக்கும்போது மொத ரெண்டு அதிகாரத்தை கவனமா பாருங்க. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதான்னு வரிசையா அடுத்தவங்க பாவத்தை சொல்லிட்டு வர்றார், கேக்குறவன் தலையாட்டிட்டே இருப்பான், கடைசில "இஸ்ரவேலே"ன்னு அவன்கிட்டயே வந்து நிப்பார். அதனால படிக்கும்போது அடுத்தவங்க மூஞ்சி ஞாபகம் வந்தா அங்கேயே நிறுத்திட்டு உங்க பேரை போட்டு மறுபடி படிங்க.

அடுத்து ஒரு நோட்டுல பெரிய பெரிய வார்த்தைகளை எழுதாம பொருள்களை மட்டும் எழுதுங்க. செருப்பு, மேலாடை, மரக்கால், தராசு. 2:8ல அடகு வாங்கின துணியை விரிச்சு பலிபீடத்துக்கு பக்கத்துல படுத்துக்கிறாங்கன்னு வருது. யாத்திராகமம் 22ல ஏழையோட மேலாடையை அடகு வாங்கினா பொழுது சாயறதுக்குள்ள திருப்பி கொடுத்துடணும், ராத்திரி போத்திக்க அவனுக்கு அது ஒண்ணுதான் இருக்குன்னு சட்டமே இருக்கு. அப்போ அவன் வெளிய குளிர்ல கிடக்கான், இவன் அவன் போர்வை மேலயே உக்காந்து ஆராதனை பண்றான். எனக்கு இந்த வசனத்தை தாண்டி உடனே போக முடியறதே இல்ல. இது சும்மா கவிதையும் இல்ல, 1960ல இஸ்ரேல் கடற்கரை பக்கம் ஒரு பழைய கோட்டையில கிடைச்ச பானை ஓட்டுல, கி.மு. 7ஆம் நூற்றாண்டு அறுப்புக்காரன் ஒருத்தன் "என் வேலையை முடிச்சிட்டேன், என் துணியை எடுத்துட்டு போயிட்டாங்க, வாங்கி கொடுங்க"ன்னு அதிகாரிகிட்ட எபிரெயுல மனு கொடுத்திருக்கான்.

8:5 பாருங்க, தானியம் அளக்குற மரக்காலை சின்னதாக்கிடுறாங்க, வெள்ளியை நிறுக்குற சேக்கல் கல்லை கனமாக்கிடுறாங்க, ரெண்டு பக்கமும் அடி. அதுவும் ஓய்வுநாள் எப்போ முடியும்னு காத்துக்கிட்டே. உடம்பு ஆலயத்துல, மனசு கடையில.

நோட்டு ரெடியானதும் உங்க வாழ்க்கையில அந்த பொருளுக்கு பதிலா எது இருக்குன்னு பக்கத்துலயே எழுதுங்க, இதுல அவசரப்படாதீங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு லீவு போட்ட நாளுக்கு பிடிச்ச காசு, கொத்தனாருக்கு "அடுத்த வாரம் தர்றேன்"னு இழுத்த பாக்கி எல்லாம் வரும். யூதா தேசத்து ராஜா யோயாக்கீம் கூலி கொடுக்காம ஆள வேலை வாங்கி பெரிய வீடு கட்டினதை எரேமியா 22ல எவ்வளவு கடுமையா சொல்றார்னு அதோட சேர்த்து படிங்க.

அப்புறம்தான் மனந்திரும்புதல். எபிரெயுல அதுக்கு 'ஷூவ்'னு சொல்றாங்க, திரும்பி வர்றதுன்னு அர்த்தம். எசேக்கியேல் 33:15ல துன்மார்க்கன் பிழைக்கிறதுக்கு சொன்ன வழியில அடைமானத்தையும் கொள்ளையடிச்சதையும் திருப்பி கொடுக்கிறது மொதல்ல வருது. அதனால அழுது ஜெபிக்கிறதுக்கு முன்னாடி போனை எடுத்து "அண்ணே, அந்த பாக்கியை இன்னிக்கே கொண்டு வந்து தர்றேன்"னு சொல்லிடுங்க.