ஒரு டன் ஜம்போ பையைப் பத்திரமாகத் தூக்குவதும் நகர்த்துவதும்

உப்பு, சிமெண்ட், உரம், மரவள்ளி ஸ்டார்ச், பிளாஸ்டிக் குருணை என்று தூளாகவும் மணியாகவும் உள்ள சரக்குகள் ஜம்போ பைகளில் அடைக்கப்பட்டுக் கிடங்குக்கும் துறைமுகத்துக்கும் போய்வருகின்றன. பாலிப்ரோப்பிலீன் நாடாவால் நெய்யப்பட்ட இந்தப் பையின் சொந்த எடை இரண்டு மூன்று கிலோதான். அது சுமப்பதோ ஒரு டன். அந்த ஒரு டன்னும் தூக்கும் நேரத்தில் நான்கு மூலைகளிலும் தைத்திருக்கும் நான்கு லூப்களில்தான், அதாவது வளையமாக மடித்துத் தைத்த பட்டைகளில்தான், தொங்குகிறது. ஆகவே லூப் கெடாமல் பார்ப்பதும், அது எந்த நிலையில் சுமை தாங்கும்படி தைக்கப்பட்டதோ அந்த நிலையிலேயே தூக்குவதும்தான் இந்த வேலையின் அடிப்படை. நமது கிடங்குகளிலும் யார்டுகளிலும் பரவலாகப் புழங்கும் நான்கு லூப் பையை மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன்.

பையைத் தொடுவதற்கு முன் அதன் பக்கத்தில் தைத்திருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். அதில் எஸ்.டபிள்யூ.எல். என்று குறித்திருப்பது அந்தப் பையில் ஏற்றக்கூடிய உச்ச எடை. அதன் அருகே 5:1, 6:1, 8:1 என்பவற்றில் ஒன்று காப்பு விகிதமாகக் குறிக்கப்பட்டிருக்கும். இந்த எண்ணைத்தான் நம்மிடையே பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘5:1 என்றால் ஐந்து டன் தாங்கும், ஒன்றரை டன் ஏற்றினால் என்ன?’ என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு டன்னுக்கான 5:1 பையைச் சோதிக்கும்போது, புதிய மாதிரிப் பை ஒன்றை இரண்டு மடங்கு சுமையில் 30 தடவை இழுத்துவிட்டு, பிறகு ஐந்து மடங்குச் சுமையையும் அது தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்தில், நேராகத் தொங்கவிட்டு, மெதுவாக இழுத்துச் செய்யும் சோதனை. வெயிலில் காய்ந்தது, ஃபோர்க்லிஃப்டின் ஃபோர்க்கில், அதாவது சுமை தூக்கும் இரும்புக் கரத்தில், உரசியது, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டபோது குலுங்கியது ஆகிய இழப்புகளை ஈடுகட்டத்தான் அந்த ஐந்து மடங்கு இருக்கிறதே தவிர, கூடுதலாகச் சரக்கு ஏற்றுவதற்காக அன்று. 5:1 பை ஒரே பயணத்துக்கானது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மறுபடி மறுபடி பயன்படுத்த வேண்டுமானால் 6:1 அல்லது 8:1 என்று குறித்த பையைத்தான் வாங்க வேண்டும்.

பை நிரம்பிவிட்டதா என்று கண்ணால் பார்த்து எடையை முடிவு செய்வதும் ஆபத்தானது. 90 சென்டிமீட்டர் சதுர அடிப்பாகமும் 110 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பையின் கொள்ளளவு சுமார் 0.89 கன மீட்டர். சிமெண்டுக்குக் கன மீட்டருக்கு 1,440 கிலோ என்று கட்டுமானத்துறையில் கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் அந்தப் பையை விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 1,280 கிலோ ஆகிவிடும். தவிடு போன்ற இலகுவான சரக்குக்கு அளவெடுத்து வாங்கிய பையில் சிமெண்டையோ மணலையோ நிரப்பும்போது நடக்கும் தவறு இதுதான். சரக்கு மாறினால் பையின் அளவும் மாற வேண்டும். நிரப்பும் இடத்தில் எடைமேடை இருப்பது நல்லது.

அடுத்தது லூப்களைக் கையால் தொட்டுப் பார்ப்பது. பாலிப்ரோப்பிலீனுக்கு வெயில் பெரிய எதிரி. புற ஊதாக் கதிரைத் தாங்கும் கலவை சேர்த்திருந்தாலும் அது காலத்தைச் சற்று நீட்டிக்கிறதே தவிர முழுதாகக் காப்பதில்லை. தூத்துக்குடி போல ஆண்டில் பெரும்பகுதி வெயில் கொளுத்தும் ஊரில், திறந்தவெளியில் தார்ப்பாய் போடாமல் மாதக்கணக்கில் கிடந்த பையின் லூப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளையாகப் பொடி ஒட்டினாலோ, மடக்கும்போது நூல்கள் சருகுபோல முறிந்தாலோ அந்தப் பையைத் தூக்கவே கூடாது. சரக்கை வேறு பைக்கு மாற்றுவது ஒரு நாள் வேலையாக இருந்தாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும். லூப் பையோடு சேரும் தையலையும், தரையில் இழுபட்டதால் அடிப்பாகத்தில் விழுந்த கிழிசல்களையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். அறுந்த லூப்பை முடிச்சுப் போட்டு ஒட்டவைத்துத் தூக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

ஃபோர்க்லிஃப்டில் தூக்கும்போது ஒவ்வொரு ஃபோர்க்கிலும் இரண்டு லூப்கள் வீதம் மாட்ட வேண்டும். இரண்டு ஃபோர்க்குகளுக்கும் இடையே உள்ள அகலம் பையின் லூப்களுக்கு இடையே உள்ள அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் லூப்கள் செங்குத்தாக நிற்கும். அதைவிட முக்கியமானது ஃபோர்க்கின் விளிம்பு. பேலட்டுகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த ஃபோர்க்கின் ஓரம் கத்திபோலக் கூர்மையாகிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில், உப்பு நிரப்பிய பை ஒன்று ஆளுயரத்துக்கு எழும்பிய நிலையில் ஒரு லூப் அறுந்து, அடுத்த நொடியில் மற்றொன்றும் அறுந்து கீழே விழுந்தது. பிறகு லூப்பை எடுத்துப் பார்த்தபோது பாதி அகலத்துக்குப் பிளேடால் கீறியதுபோல நேர்க்கோட்டில் வெட்டு இருந்தது. சிக்னல் காட்டிய அண்ணன் வழக்கம்போலத் தள்ளி நின்றிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. மறுநாளே ஃபோர்க்குகளுக்குக் குழாய் உறை செய்து மாட்டினோம். லூப் படும் விளிம்பின் வளைவு குறைந்தது லூப்பின் தடிமன் அளவுக்காவது, எப்படியும் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உருண்டையாக இருக்க வேண்டும். ஃபோர்க்கின் முனை பையைத் தாண்டி நீண்டு அடுத்த பையைக் குத்தாமலும், மாஸ்ட், அதாவது ஃபோர்க்குகளை ஏற்றி இறக்கும் முன்பக்கத் தூண், முன்பக்கம் சாய்ந்து லூப் வழுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹைட்ரா எனப்படும் சக்கரத்தில் ஓடும் கிரேனிலோ மேல்நிலை கிரேனிலோ தூக்குவதானால், நான்கு லூப்களையும் இழுத்து ஒரே கொக்கியில் மாட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒரு டன் பையின் லூப்கள் நேராக நிற்கும்போது ஒவ்வொன்றிலும் 250 கிலோ விழுகிறது. அவை செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 289 கிலோ. 45 டிகிரியில் சுமார் 354 கிலோ. 60 டிகிரியில் 500 கிலோ, அதாவது இரண்டு மடங்கு. சரக்கு அதேதான், பையும் அதேதான். லூப் படும் பாடு மட்டும் இரட்டிப்பாகிறது. எனவே நான்கு மூலைக்கும் தனித்தனிக் கொக்கி உள்ள இரும்புச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும். எப்படிப் பார்த்தாலும் சாய்வு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஒரே கொக்கியில் தூக்குவதற்கென்றே தயாரித்த பைகளும் உண்டு. லேபிளில் உள்ள படம் அதைக் காட்டும். ஒரு லூப்பிலோ இரண்டிலோ மட்டும் மாட்டிப் பையைப் புரட்டுவது, எட்டாத பையை இழுத்து அருகில் கொண்டுவருவது ஆகிய இரண்டும் அறவே கூடாதவை.

மாட்டி முடித்ததும் பையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் மெதுவாகத் தூக்கி நிறுத்தி, நான்கு லூப்களும் ஒரே அளவில் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும். நகர்த்தும்போதும் தரையில் உரசாத அளவுக்குத் தாழ்வாகவே வைத்திருக்க வேண்டும். தொங்கும் சுமை ஊசலாடும். திருப்பத்தில் அந்த ஊசலாட்டமே வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடும். எனவே நடைவேகம் போதும். பை முன்பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும், அல்லது வழிகாட்ட ஒருவரை அமர்த்த வேண்டும். ஹைட்ராவில் பை சுழலாமல் இருக்கக் கயிறு கட்டித் தூரத்தில் நின்று பிடிக்கலாம். கையால் பையைத் தள்ளி நிறுத்த முயலக் கூடாது.

இறக்கி அடுக்கும்போது பிரமிடுபோல மேலடுக்கை உள்வாங்கி, கீழே உள்ள நான்கு பைகளின் நடுவில் மேல்பை உட்காரும்படி வைப்பது பாதுகாப்பானது. சாய்ந்து நிற்கும் பையை ஆள் முட்டுக்கொடுத்து நேராக்கப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும். வண்டியைக் கொண்டுவந்து மீண்டும் தூக்கித்தான் சரிசெய்ய வேண்டும்.

கொட்டும் நேரத்தில்தான் ஆட்கள் பைக்கு அடியில் போகிறார்கள். தொங்கும் பையின் அடிவாய்க் கட்டை அவிழ்க்கவோ, அடிவாய் இல்லாத பையை வெட்டவோ வேண்டியிருந்தால், முதலில் பையை உறுதியான ஸ்டாண்டின் மேல் இறக்கித் தாங்கவைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்துதான் செய்ய வேண்டும். சர்க்கரை, மாவு, கந்தகம் போன்ற தூள்கள் வேகமாகக் கொட்டும்போது நிலைமின்சாரம் உண்டாகிப் பொறி தெறிக்கலாம். காற்றில் பறக்கும் தூசு அந்தப் பொறியிலேயே வெடிக்கலாம். அத்தகைய சரக்குக்கு, நிலைமின்சாரத் தடுப்பு எதுவும் இல்லாத ‘ஏ’ வகைச் சாதாரணப் பை உதவாது. மின்சாரம் கடத்தும் இழைகள் சேர்த்து நெய்த ‘சி’ வகைப் பையானால், அந்த மின்சாரம் தரைக்கு இறங்கும்படி நிரப்பும்போதும் கொட்டும்போதும் எர்த் கிளிப்பை மாட்டியே தீர வேண்டும். கிளிப் மாட்டாத ‘சி’ வகைப் பை சாதாரணப் பையைவிட மோசமானது.

கடைசியாக, காலியான ஒரே பயணப் பையைப் பழைய சாமான் கடைக்குப் போடுவதற்கு முன் நான்கு லூப்களையும் அடியோடு அறுத்துவிடுங்கள். லூப் இருக்கும் வரை அந்தப் பையை யாரோ ஒருவர் மணலோ ஜல்லியோ நிரப்பி மறுபடியும் தூக்கத்தான் செய்வார். அதன் கீழே நிற்கப்போகிறவருக்கு அந்தப் பை ஏற்கெனவே எத்தனை வெயிலையும் எத்தனை ஃபோர்க்கையும் பார்த்தது என்று தெரிந்திருக்காது.