படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்க்கும் தோட்டத்து வீடுகளுக்கு

மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்ததிலிருந்து நான் கொழுந்துக்குப் போவதில்லை. பொகவந்தலாவைப் பக்கம் எங்களைப் போல எத்தனையோ வீடு. பார்த்துக்கொள்கிறவருக்கென்று தனிக் கொடுப்பனவு இங்கே கிடையாது, வருவதெல்லாம் நோயாளியின் பெயரில்தான். ஆகவே முதலில் அந்தப் பெயரைச் சரிசெய்யுங்கள்.

மாமாவின் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கிறது, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கடதாசியில் இல்லை. தோட்டத்தில் நிறையப் பேருக்கு இந்தக் கதைதான். இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடியுங்கள். கிராம சேவகரின் கடிதம், அரச வைத்தியரின் சான்று எல்லாவற்றையும் ஒரே பைலில் போடுங்கள். பிரதியைக் கொடுங்கள், மூலத்தை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்தது பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், அது நம் உரிமை. "காசு கிடைக்குமா" என்று மட்டும் கேட்டால் அதற்கு மட்டும்தான் பதில் வரும். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லுங்கள். "மிஸ், கக்கூசுக்குப் படி இறங்கித்தான் போகணும், மழைக்கு வழுக்குது, என்னால ஒத்தையில தூக்க ஏலாது" என்றேன். அதற்குப் பிறகுதான் சக்கர நாற்காலி, கக்கூசு திருத்த உதவி என்ற பேச்சே வந்தது. லயத்துப் பாதையில் சக்கர நாற்காலி ஓடாது. நடுவில் ஓட்டையும் அடியில் வாளியும் உள்ள கமோட் நாற்காலிதான் நம் இடுப்பைக் காப்பாற்றும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

அரசாங்கத்தின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவில் வலது குறைந்தோர், சிறுநீரக நோயாளர் கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 10,000 ரூபாவாகவும், 70 தாண்டிய முதியோருக்கானதை 5,000 ரூபாவாகவும் உயர்த்தினார்கள். வருமானம் குறைந்த வீடுகளுக்குத்தான் இது. 60 வயதானால் முதியோர் அடையாள அட்டையும் எடுத்து வையுங்கள். நோயாளி வயது குறைந்தவரா? இனி வேலையே செய்ய ஏலாது என்று மருத்துவ ரீதியில் உறுதியானால், ஈ.பி.எப். பணத்துக்கு 55 வரை (பெண்களுக்கு 50) காத்திருக்கத் தேவையில்லை.

கொழும்பில் உழைக்கும் பிள்ளைகள் எட்டிப் பார்க்காவிட்டால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. வசதியற்ற தாய் தகப்பன் பராமரிப்புச் சபையில் பிள்ளைகளிடம் செலவு கேட்கலாம். மருமகள் ஒருத்தியே சுமக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இரவில் திடீரென்று முடியாமல் போனால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும், வண்டி எதுவரை வரும் என்பதையும் சொல்லி, அந்த இடத்துக்கு ஒருவரை டோர்ச்சோடு அனுப்பிவிடுங்கள்.