ரத்தத்தில் காசைக் கொட்டாதீர்கள்: சின்ன பட்ஜெட் ஸ்லாஷரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் காசில்லாதவர்கள் முதல் படத்துக்கு ஸ்லாஷரை, அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் திகில் படத்தை, தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை. ஒரு வீடு, நாலைந்து இளவட்டங்கள், முகமூடி போட்ட ஒரு கொலைகாரன் போதும். பெரிய நட்சத்திரம் தேவையில்லை. அந்த முகமூடிதான் நட்சத்திரம். 1978-ல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த ‘ஹாலோவீன்’ மூன்று லட்சம் டாலர் சொச்சத்தில் முடிந்த படம். அதில் வரும் முகமூடி, ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் முகம் கொண்ட கடைச்சரக்கு. விலை இரண்டு டாலருக்கும் கீழே. வெள்ளை பெயின்ட் அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள், அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் இந்த வகைப் படங்களில் முக்கால்வாசி ஏன் தேறுவதில்லை? பட்ஜெட் போதவில்லை என்பார்கள். காசு எங்கே போனது என்று பார்த்தால் வேறு கதை தெரியும்.

பெரும்பாலும் ரத்தத்தில்தான் போயிருக்கும். ஒரு கழுத்து அறுபடும் காட்சிக்கு மேக்கப் போடவே பாதி ராத்திரி ஓடிவிடும். முதல் டேக் சரியில்லை என்றால் சட்டை மாற்ற வேண்டும், சுவரைத் துடைக்க வேண்டும், தலைமுடியில் ஒட்டிய போலி ரத்தப் பாகைக் கழுவ வேண்டும். மூன்றாவது டேக்குக்கு மாற்றுச் சட்டை இருக்காது. இவ்வளவு பாடுபட்டும் திரையில் ரப்பர் ரப்பராகத்தான் தெரியும். 1974-ல் வந்த ‘தி டெக்சாஸ் செயின் சா மாஸக்கர்’ படத்தில் ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும் காட்சி உண்டு. கொக்கி உடம்பில் இறங்குவதைக் காட்டவே இல்லை. அவள் முகம், அலறல், கீழே ஒரு தொட்டி. மீதியைப் பார்ப்பவர்களே கற்பனையில் நிரப்பிக்கொள்கிறார்கள். திரையில் ரத்தம் குறைவு என்பதால், சிறுவர்களும் பெற்றோர் துணையோடு பார்க்கும்படியான சான்றிதழ் கிடைக்கும் என்று இயக்குநர் டோப் ஹூப்பர் நம்பினாராம். கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்காக ரத்தமே கூடாது என்று சொல்லவில்லை. குழுவில் கைதேர்ந்த மேக்கப் கலைஞர் இருந்தால் அவர்தான் உங்கள் பலம். அப்போதும் எட்டுக் கொலைகளை அரைகுறையாக எடுப்பதைவிட இரண்டை உருப்படியாக எடுப்பது மேல்.

அடுத்தது ஒலி. இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் எழுந்து போய்விடுவார். இசையும் ஒலி விளைவுகளும் சேர்க்காத ‘ஹாலோவீனை’ ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவர் துளிகூடப் பயப்படவில்லை என்று கார்ப்பென்டரே சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் அந்தப் பியானோ இசை வந்தது, கார்ப்பென்டரே போட்டது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலையில் கத்தி இறங்கும் சத்தம், முலாம்பழத்தில் குத்திப் பதிவு செய்தது. பழம் வாங்க எவ்வளவு ஆகிவிடப்போகிறது? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே ‘டமார்’ சத்தத்தை ஒவ்வொரு கதவுக்கும் ஒட்டுவதுதான் சோம்பேறித்தனம்.

இருட்டு விஷயத்திலும் இதே கதைதான். இருட்டாகத் தெரிய வேண்டும் என்பதற்காக விளக்கே போடாமல் எடுத்தால் திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பயம் வராது, கண்தான் வலிக்கும். நல்ல இருட்டுக்கும் விளக்கு வேண்டும். ‘ஹாலோவீனில்’ கதாநாயகி அழுதபடி சுவரில் சாய்ந்து நிற்பாள். பின்னால் கறுப்பான ஒரு வாசல். அந்தக் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை முகமூடி மெல்ல மெல்லப் புலப்படும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி செய்தது இவ்வளவுதான்: ஒரு சின்ன விளக்கை டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து மெதுவாகக் கூட்டினார். கணினி வேலை எதுவும் கிடையாது.

வீட்டின் அமைப்பைக் காட்டாமல் துரத்தல் காட்சிக்குப் போவது இன்னொரு தவறு. சமையலறை எந்தப் பக்கம், பின்கதவு எங்கே என்று நமக்கு முதலிலேயே தெரிந்திருந்தால்தான், கதாநாயகி மாடிப்படி ஏறும்போது ‘ஐயோ, அங்கே போகாதே’ என்று மனசு பதறும். தெரியாவிட்டால் யாரோ எங்கேயோ ஓடுகிறார்கள், அவ்வளவே. படப்பிடிப்புக்குக் கிடைத்த வீட்டைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி திரைக்கதையைத் திருத்துங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

நடிப்பு பலவீனமாக இருக்கும் என்பது தெரிந்ததுதானே? பிறகு ஏன் நடிகர்களுக்கு அரைப்பக்க வசனம்? சின்னச் சின்ன வாக்கியமாகக் கொடுங்கள். சாகப்போகிறவர்களை எரிச்சலூட்டும் ஆசாமிகளாக மட்டும் எழுதினால் கொலைகாரனுக்குத்தான் கைதட்டல் விழும். செல்போனில் சிக்னல் இல்லை என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு நகருங்கள். அதை யாரும் ரசிப்பதில்லை.

நீளத்தையும் கவனியுங்கள். ‘டெக்சாஸ்’ 83 நிமிடம், ‘ஹாலோவீன்’ 91. கஷ்டப்பட்டு எடுத்தோமே என்று எல்லாக் காட்சிகளையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இழுத்தால், நடுவில் காட்டில் நடந்துகொண்டே இருக்கும் இருபது நிமிடம்தான் ஞாபகத்தில் நிற்கும். செத்த கொலைகாரன் கடைசியில் ஒருமுறை எழுந்துகொள்ளட்டும், பரவாயில்லை. இரண்டாம் பாகத்துக்கு வழிவிடுகிறேன் என்று மூன்றாவது தடவையும் எழுப்பினால் அரங்கில் சிரிப்புதான் கேட்கும்.