ஹோண்டா எஸ்2000: எந்த இணைய ஏலத்தில் விடுவது?

அமெரிக்காவில், ஹோண்டாவின் இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரான எஸ்2000 மாதிரி, ஆர்வலர்கள் தேடி அலைந்து வாங்கும் காரை ஏலத்தில் விட நினைப்பவர்கள் முதலில் கணக்குப் பார்ப்பது கட்டணத்தைத்தான். பிரிங் எ டிரெய்லர் என்ற ஏலத் தளம் வாங்குபவரிடம் 5 சதவீதம் எடுக்கிறது, கார்ஸ் அண்ட் பிட்ஸ் என்ற தளம் 4.5 சதவீதம். கார் 30,000 டாலருக்குப் படிந்தால் வித்தியாசம் 150 டாலர், அவ்வளவுதான். (இந்தக் கட்டணத்தின் உச்சவரம்பும், காரைத் தளத்தில் பட்டியலிட விற்பவர் கட்டும் கட்டணமும் அவ்வப்போது மாறும். பதிவு செய்யும் அன்று விதிகளைப் படித்துவிடுங்கள்.) கட்டுவது வாங்குபவரே என்றாலும் அவர் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கேட்பார். அதனால் ஒரு பங்கு உங்கள் தலையில்தான் விழும்.

பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏலம் படியாமல் போனால், கடைசியாகக் கேட்ட தொகை உங்கள் காரின் வின் எண்ணோடு (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) இணையத்தில் தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் பேரம் பேச வரும்போது அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்குவார். ஆகவே உங்கள் காரை வாங்கக்கூடியவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்பதே முதல் கேள்வி.

அதற்குப் பழைய முடிவுகளைத் தோண்ட வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் கடந்த ஆறு மாதத்தில் முடிந்த எஸ்2000 ஏலங்களை ஒரு தாளில் எழுதுங்கள். 2000 முதல் 2003 வரை வந்த 2.0 லிட்டர் இஞ்சின் உள்ள ஏபி1 என்ற பதிப்பையும், 2004 முதல் அமெரிக்காவில் விற்ற 2.2 லிட்டர் ஏபி2 பதிப்பையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். ஓடிய மைல், விபத்து வரலாறு, மாற்றிய பாகங்கள், ரிசர்வ் (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று விற்பவர் வைக்கும் குறைந்தபட்ச விலை) இருந்ததா என்பதோடு, கடைசி நேரத்தில் எத்தனை பேர் மாறி மாறிக் கேட்டார்கள் என்பதையும் குறியுங்கள். ஒருவர் மட்டும் கேட்டு முடிந்த விலையை நம்ப முடியாது. படியாத ஏலங்களை விட்டுவிடாதீர்கள், சந்தை எந்த இடத்தில் நின்றது என்று காட்டுபவை அவைதான்.

2014-இல் ஏலம் தொடங்கிய பிரிங் எ டிரெய்லரில் எல்லாக் காலத்துக் கார்களும் வரும். யூடியூபில் கார்களை விமர்சிக்கும் டக் டிமியூரோ 2020-இல் தொடங்கிய கார்ஸ் அண்ட் பிட்ஸ் 1980களிலிருந்து வந்த கார்களுக்கானது. எஸ்2000 இரண்டிலும் செல்லும், 1967 மஸ்டாங் இரண்டாவதில் செல்லாது. போர்ஷே என்றால் பிகார்மார்க்கெட் தளத்தையும் பாருங்கள். இஞ்சின் பிரித்துக் கிடக்கும் வண்டிக்கு ஈபே மோட்டார்ஸ் போதும்.

காரின் விவரங்களை அனுப்பி, தளத்தார் பதில் போட்டதும் இரண்டைக் கேளுங்கள்: அதே வாரத்தில் வேறு எஸ்2000 வருகிறதா, ரிசர்வ் எவ்வளவு வைக்கச் சம்மதிப்பார்கள். வேறு ஒன்று வந்தால் தேதியை மாற்றச் சொல்லுங்கள். ரிசர்வை ஆசைப்படும் விலையில் வைக்காமல், அதற்குக் கீழே போனால் விற்கவே மாட்டேன் என்ற விலையில் வையுங்கள். பிரிங் எ டிரெய்லரில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குப் போகும், கார்ஸ் அண்ட் பிட்ஸில் ஒரு நிமிடம். கடைசி நொடியில் தட்டிப் பறிக்கும் வேலை இரண்டிலும் நடக்காது.

படங்களில் இந்தக் காருக்கென்றே சில உண்டு. பம்பர், கதவு, ஃபெண்டர், பானட், டிக்கி மூடி ஆகியவற்றில் ஹோண்டா ஒட்டிய வின் ஸ்டிக்கர்களைத் தனித்தனியாக எடுங்கள். ஒன்று இல்லாவிட்டால் அந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எடுத்துக்கொள்வார்கள், காரணத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. மேற்கூரைத் துணி மடிப்பில் சட்டம் உரசிக் கிழிந்திருக்கிறதா என்று அருகில் காட்டுங்கள். ராத்திரி முழுக்க நின்ற இஞ்சினை முதல்முறை கிளப்பும் வீடியோ கட்டாயம். இஞ்சினுக்குள் ஓடும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டைமிங் செயின் டென்ஷனர் தேய்ந்திருந்தால் படபடவென்று கேட்கும், அதைத்தான் காது கொடுத்துத் தேடுவார்கள். இரண்டாவது கியர் கரகரப்பதையும் மறைக்காதீர்கள். கருத்துப் பகுதியில் யாராவது கண்டுபிடித்தால் மற்ற எல்லாப் படங்கள் மீதும் சந்தேகம் வரும். கேள்விகளுக்கு அன்றன்றே பதில் போடுங்கள்.

டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) உங்கள் பெயரில், கையில் இருக்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் ஏலத்துக்கு முன்பே அடைத்துவிடுங்கள், வெளி மாநிலத்தார் அதைக் கண்டால் ஒதுங்குவார்கள். வாங்குபவரின் கார்டிலிருந்து தளம் எடுப்பது தன் கட்டணத்தை மட்டுமே. காரின் விலை அவரிடமிருந்து நேராக உங்களுக்கு வரும். வங்கியிலிருந்து வங்கிக்கு நேராகப் போகும் வயர் டிரான்ஸ்ஃபர் கேளுங்கள், வங்கி எழுதித் தரும் கேஷியர் காசோலையில் போலி அதிகம். வங்கிக்கு நீங்களே போன் செய்து பணம் ஏறியதை உறுதிசெய்யும் வரை சாவியையும் டைட்டிலையும் கொடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் விற்ற ஐந்து நாளுக்குள் வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி-க்கு உடைமை மாற்ற அறிவிப்பு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் புது உரிமையாளரின் பார்க்கிங் அபராதச் சீட்டுகள் உங்கள் வீட்டுக்கு வரும்.