ரீப்ளே திரை முன்னால் உட்காரும் புதிய நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்தில் புதிதாக விசில் பிடிக்க வருபவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது ஒரு பயிற்சி வைப்பேன். ஒருவர் திரை முன்னால் உட்காருவார், அவர்தான் வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ பார்த்துக் கள நடுவருக்கு உதவுபவர். இன்னொருவர் வாக்கி டாக்கியோடு வெளியே நிற்பார். அவருக்குத் திரை தெரியாது. ஓர் ஆட்டத்துண்டைப் போட்டு, களத்தில் என்ன தீர்ப்பு என்பதை இருவருக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவருக்கு உதவ வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. ஒவ்வொரு தொகுதியும் எங்கள் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறது.

விதிப்புத்தகத்தைப் படிக்காததால் வரும் தவறுகளை இங்கே தொடப்போவதில்லை. 2018-ல் வி.ஏ.ஆர். விதிகளுக்குள் வந்தபோது கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் (தவறான ஆளுக்கு அட்டை காட்டுவது) என்ற நான்கில்தான் அது தலையிடலாம் என்று வைத்தார்கள். அதைப் படிக்காமல் வந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒரே கோணத்தை நம்புவது

2022 உலகக் கோப்பையில் ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டம். ஜப்பானின் மிடோமா கோலுக்காகத் திருப்பிக் கொடுத்த பந்து அதற்கு முன்பே எண்ட் லைனைத் தாண்டிவிட்டதாகக் காட்டும் படம் அன்று இரவே எல்லோர் கைபேசிக்கும் வந்துவிட்டது. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே புல் தெரிகிறது. ஆனால் கோட்டுக்கு நேர் மேலே இருந்து பார்த்தால் பந்தின் வளைவு கோட்டின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் மேலே நிற்கிறது. பந்து முழுதாகத் தாண்டினால்தான் வெளியே; விதிக்கு அது போதும். கோல் நின்றது, ஜப்பான் 2-1 என்று வென்றது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வெளியேறியது. சாய்வான கோணத்தில் பார்த்துக் கோட்டைப் பற்றிப் பேசாதீர்கள். நேர்க்கோட்டுக் கேமரா இல்லையென்றால் களத் தீர்ப்பே நிற்கட்டும்.

களத்தில் கொடுத்தது என்ன என்று சொல்லாமலே பார்க்க ஆரம்பிப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்–லிவர்பூல். 34-வது நிமிடம், கோல் ஏதும் விழவில்லை. சலா கொடுத்த பந்தை லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் வலைக்குள் போடுகிறார். துணை நடுவர் கொடி தூக்கிவிட்டார்: ஆஃப்சைடு, அதாவது பந்து கொடுக்கும் நொடியில் டியாஸ் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்றாராம். வி.ஏ.ஆர். அறையில் பார்க்கிறார்கள். டியாஸ் ஆஃப்சைடு இல்லை, அதுவும் சந்தேகத்துக்கே இடமில்லாமல். ஆனால் அறையில் இருந்தவர் களத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். ‘செக் கம்ப்ளீட்’ என்றார். தன் ஆஃப்சைடு தீர்ப்பைத்தான் உறுதி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்ட நடுவர் சைமன் ஹூப்பர் ஃப்ரீ கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் ரீப்ளே இயக்குபவர்தான் கண்டுபிடித்தார்: களத்தில் கொடுத்தது ஆஃப்சைடு அல்லவா? அதற்குள் பந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

இந்த உரையாடலின் ஒலிப்பதிவை இங்கிலாந்து நடுவர் அமைப்பு பிறகு வெளியிட்டது. வகுப்பில் போட்டுக் காட்டுவேன். கேட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் பயிற்சிக்கு உட்கார்ந்ததும் அதையே செய்வார்கள்! ஒரு முறை உள்ளே இருந்த பையன் இரண்டு கோணங்களை அழகாகப் பார்த்தான், பெனால்டி என்ற சரியான முடிவுக்கும் வந்தான். வாக்கி டாக்கியில் ‘ஓகே சார், கரெக்ட்தான்’ என்று மட்டும் சொன்னான். களத்தில் கொடுத்திருந்தது கோல் கிக். வெளியே நின்றவர் நிம்மதியாகக் கோல் கிக்குக்கு விசில் அடித்தார். இருவருமே தன் வேலையைச் சரியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். களத்தில் கொடுத்தது அவுட்டா நாட் அவுட்டா என்பதை முதலில் சொல்வார்; ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுச் சொல்லியே பார்ப்பார்; கடைசியில் அந்தத் தீர்ப்பு நிற்கிறது அல்லது மாறுகிறது என்பார். சலிப்பாகத்தான் இருக்கும், இருந்தால் என்ன? திரை முன்னால் உட்கார்ந்ததும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ‘களத் தீர்ப்பு ஆஃப்சைடு, கோல் இல்லை’ என்று இருக்கட்டும். கடைசி வாக்கியம் ‘ஆஃப்சைடு இல்லை, கோல் கொடுங்கள்’ என்று முழுதாக இருக்கட்டும். வெளியே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை மைக்கை விடாதீர்கள். டியாஸ் விவகாரத்துக்குப் பிறகு, களத்துக்குச் சொல்லும் முன் முடிவைத் தன் உதவியாளரிடம் வி.ஏ.ஆர். உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று இங்கிலாந்தில் நடைமுறையை மாற்றினார்கள்.

ஒலிப்பதிவைக் கேட்டதும் வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி: “தப்பு தெரிஞ்சதும் ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாமே சார்?” கூடாது. ஆள் மாறாட்டம், வன்முறை போன்ற சில விஷயங்கள் தவிர, ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழைய தீர்ப்புக்குத் திரும்ப முடியாது என்பது விதி. லிவர்பூல் ரசிகர்களுக்கு இது கசக்கும், எனக்கும் அன்று கசந்தது. ஆனால் அந்த ஆட்டத்தையே பாருங்கள். 36-வது நிமிடத்தில் சன் ஹியூங்-மின் டாட்டன்ஹாமுக்குக் கோல் போட்டுவிட்டார். திரும்பிப் போகலாம் என்றால் எதுவரை போகலாம்? சன் போட்ட கோலை யார் கணக்கில் வைப்பது? பத்து நொடி தாண்டியதற்கு ஒரு நியாயம், இரண்டு நிமிடம் தாண்டியதற்கு வேறு நியாயம் என்று ஆளுக்கொரு எல்லை வைத்தால் குரல் பெரிதாக உள்ள அணிக்குத்தான் லாபம். ஆட்டம் 2-1 என்று டாட்டன்ஹாமுக்குப் போனது. இதில் கேமரா பிழை செய்யவில்லை. கோடும் சரியாகத்தான் விழுந்தது. இயந்திரத்தை நியாயமா என்று கேட்டு மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இந்த ஒலிப்பதிவை ஒரு முறை கேட்க வேண்டும்.

நிறுத்திய படத்தை முதலில் காட்டுவது

அதே ஆட்டம், எட்டு நிமிடம் முன்னால். லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸின் கால் பந்தின் மேல் பட்டு வழுக்கி டாட்டன்ஹாமின் பிசூமாவின் காலில் விழுகிறது. ஹூப்பர் கொடுத்தது மஞ்சள். களத்தோரத் திரையைப் பார்க்க அவரை அழைத்தார்கள். அவர் அங்கே போய்ப் பார்த்த முதல் காட்சி, காலில் பூட்ஸ் பதிந்த நொடியில் நிறுத்தி வைத்த படம். சிவப்பாக மாற்றினார். லிவர்பூல் மேல்முறையீடு தள்ளுபடியானது, ஆகவே சிவப்பு தவறு என்று நான் வாதிட வரவில்லை. காட்டிய வரிசையைத்தான் சொல்கிறேன். நிறுத்திய படத்தில் எந்த உரசலும் கொலைவெறியாகத் தெரியும். பந்தைத் தொட்டு வழுக்கியது அதில் இருக்காது.

எங்கே பட்டது, பந்து வெளியே போனதா போன்ற கேள்விகளுக்குத்தான் ஸ்லோ மோஷன். எவ்வளவு வேகம், எவ்வளவு முரட்டுத்தனம், கையில் பட்டது குற்றமா என்பதற்கெல்லாம் இயல்பு வேகம். இது விதிமுறையிலேயே இருக்கிறது. முதலில் இயல்பு வேகத்தில் ஓட்டுங்கள். நிறுத்துவது அப்புறம்.

முதல் பாதியில் தவறவிட்டதற்கு இரண்டாம் பாதியில் ஈடு கட்டுவது

செய்யாதீர்கள்.

கடிகாரம் அதிரவில்லை, அதனால் கோல் இல்லை என்பது

2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லா–ஷெஃபீல்டு யுனைடெட். வில்லாவின் கோல்கீப்பர் நைலண்ட் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்குள் போய்விட்டார். பந்து கோட்டைத் தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரத்தை அதிரவைக்க வேண்டிய கோல்-லைன் கருவி எதுவும் அனுப்பவில்லை. ஏழு கேமராக்களையும் ஆட்கள் மறைத்துவிட்டதாகப் பிறகு விளக்கம் சொன்னார்கள். வி.ஏ.ஆர். பார்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆட்டம் 0-0. பருவ முடிவில் வில்லா 35 புள்ளியோடு தப்பியது, போர்ன்மவுத் 34 புள்ளியோடு கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அன்று கோல் கொடுத்து ஆட்டம் அப்படியே முடிந்திருந்தால் வில்லாவும் 34-ல் நின்றிருக்கும். கோல் வித்தியாசத்தில் போர்ன்மவுத் தப்பியிருக்கும்.

ஒரு கருவி மௌனமாக இருந்தால் அடுத்ததைப் பாருங்கள். உங்கள் கண்ணும் அதில் ஒன்று.

ரீப்ளேக்கு அனுமதியில்லாத போட்டியில் யாரோ நீட்டும் கைபேசியைப் பார்ப்பது

பார்த்தால் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரு அணிக்கும் ரீப்ளே இல்லையே, அதனால் சமம்தானே என்பது

2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கத்தாரை எதிர்த்து சாங்தே போட்ட கோலில் இந்தியா முன்னிலை. 73-வது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்த பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எண்ட் லைனைத் தாண்டி உருண்டது. அதை உள்ளே இழுத்து விட்டார்கள், கத்தாரின் யூசுப் ஐமன் கோல் போட்டார். நம் ஆட்கள் எவ்வளவோ சொல்லியும் கோல் நின்றது. கடைசியில் 2-1 தோல்வி, இந்தியா வெளியே. ஆசியாவில் அந்தச் சுற்றுக்கு வி.ஏ.ஆர். கிடையாது, அடுத்த சுற்றில் உண்டு. அன்றைய 90 நிமிடத்துக்குள் மட்டும் பார்த்தால் இரு அணிக்கும் ஒரே நிலைதான். ஒரே உலகக் கோப்பைக்குப் போகும் பாதையில் அடுத்த சுற்றுக்காரர்களுக்கு உள்ள பாதுகாப்பு இந்தச் சுற்றுக்காரர்களுக்கு இல்லை என்பதை எப்படிச் சமம் என்பது?

செலவு ஒரு காரணம். அதற்காகவே பயிற்சியாளர் கேட்டால் மட்டும் ரீப்ளே பார்க்கும் எளிய முறையை ஃபிஃபா 2024-ல் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் சோதித்தது. ஆட்டத்துக்கு அணிக்கு இரண்டு வாய்ப்பு, கேட்டது சரியாக இருந்தால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். நம் லீக்குகளுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அதுவரை கொடி பிடிக்கும் துணை நடுவர்களுக்கு: ஃப்ரீ கிக் அடிக்கும்போது ஆஃப்சைடு கோட்டில் நிற்கிறீர்கள், சரி. தலையால் முட்டிய பந்து கோலை நோக்கிப் போனதும் அங்கேயே நிற்காதீர்கள். எண்ட் லைன்வரை ஓடுங்கள்.