பச்சைக்கு எதிர்ச்சொல் என்ன? பிள்ளைகளுக்குச் சொல் டெஸ்ட் வைப்பது எப்படி

பெரம்பூரில் மொட்டைமாடியில் ஷீட் போட்டு டியூஷன் எடுக்கிறேன். போன வருஷம் ஒரு பெண் 'டால்' என்றால் 'ஹை' என்று மனப்பாடம் பண்ணி, சினானிம் (ஒரே பொருள் தரும் சொல்) டெஸ்ட்டில் பத்துக்குப் பத்து வாங்கினாள். அடுத்த வாரம் கட்டுரையில், 'மை ஃபாதர் இஸ் வெரி ஹை' என்று எழுதியிருந்தாள். ஆளைப் பற்றி 'ஹை' என்றால் போதையில் இருக்கிறார் என்று அர்த்தம். பாவம், அந்த மனுஷர் பாக்குகூடப் போடாதவர். தப்பு அவள்மேல் இல்லை, அந்தக் கேள்வித்தாளைப் போட்டதே நான்தான்.

அதற்குப் பிறகு சொல்லைத் தனியாகக் கேட்பதை விட்டுவிட்டேன். புதுசாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே "பச்சைக்கு எதிர்ச்சொல் சொல்லுங்க" என்பேன். "சிவப்பு!" என்று கத்துவார்கள் (சிக்னல் புத்தி). பச்சரிசிக்கு? புழுங்கல். பச்சைத் தண்ணிக்கு? வெந்நீர். பச்சை மிளகாய்க்கு? காய்ந்த மிளகாய். பச்சைப் பொய்க்கு? சத்தமே வராது. அப்புறம் 'ஓல்ட்' எடுத்தால் தானாகவே கேட்பார்கள்: "எந்த ஓல்ட் மிஸ், பஸ்ஸா, தாத்தாவா?"

நீங்கள் வீட்டில் கேள்வி எழுதினால், சொல்லை வாக்கியத்தில் வையுங்கள். இங்கிலீஷ் புழங்காத வீட்டுப் பிள்ளைக்குக் காது உதவாது. அதனால் இரண்டு மூன்று வாக்கியம் கொடுத்து, எதில் சொல்லை மாற்றலாம், எதில் கூடாது என்று கேளுங்கள். டால் பில்டிங்கில் 'ஹை' ஓரளவு ஒட்டும், டால் பாயில் ஒட்டாது. விடைச் சொற்கள் கேட்ட சொல்லைவிடச் சுலபமாக இருக்கட்டும். 'பிரேவ்' தெரிந்த பையன் அதே பொருளுள்ள 'வேலியன்ட்' தெரியாமல் கோட்டை விட்டால், நீங்கள் சோதித்தது எந்தச் சொல்லை? குருட்டாம்போக்கில் டிக் அடித்தாலும் நாலுக்கு ஒன்று விழும். டிக்குக்கு அரை மார்க், சொந்த வாக்கியத்துக்கு அரை மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல் கேள்வியை 2011-லேயே தூக்கிவிட்டார்கள். இப்போது ஒரு வாக்கியத்தின் கோடிட்ட இடத்துக்கு, ஒரே பொருள் வரும்படி ஆறு சொல்லில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் பத்தாவது பப்ளிக் இங்கிலீஷ் தாளில் முதல் 3 கேள்வி சினானிம், அடுத்த 3 ஆன்டனிம் (எதிர்ச்சொல்). 6 மார்க்கை யார் விடுவார்கள்? பயிற்சி கொடுக்கத்தான் வேண்டும். அங்கேயும் சொல் வாக்கியத்துக்குள்தான் வரும். பிள்ளைகள்தான் அதைப் படிக்காமல் நேரே விடைக்குத் தாவுவார்கள். அதனால் என் மாடியில் வாக்கியத்தை முழுசாகப் படித்த பிறகுதான் பேனா மூடியைக் கழற்றலாம்.